குவாதலூப்: குழம்பு மணக்கும் கரீபியன் தீவு

இந்தத் தீவில் போய் இறங்கினால் கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பவே வேண்டாம். நமக்கும் அதற்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். காலை 7 மணிக்கு ஒலிபரப்புக் கூடத்தில் உட்கார்ந்து நான் "வணக்கம்" சொல்லும்போது அங்கே முந்தின நாள் இரவு 7 மணி. உலக உருண்டையில் கிட்டத்தட்ட நமக்கு மறுபக்கம்.

குவாதலூப். கரீபியன் கடலுக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் நடுவே கிடக்கும் பிரெஞ்சுத் தீவு. வரும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நாங்கள் போகவிருக்கும் இடம். நான், கணவர், எட்டு வயது மகள், 66 வயது அம்மா என்று நான்கு பேர். இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறோம். ஆறு மாதமாகத் திட்டம் போடுகிறோம்.

இதைக் கேள்விப்பட்ட சக அறிவிப்பாளர் ஒருவர் கேட்டார்: "கடலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? தியோமான் இருக்கு, பெர்ஹெந்தியான் இருக்கு, காடியை எடுத்தா ராத்திரிக்குள்ள போயிடலாமே?" நியாயமான கேள்வி. வெறும் நீலக் கடலுக்கும் வெள்ளை மணலுக்கும் என்றால் அவ்வளவு தூரம் பறப்பது வீண்தான். கரீபியன் பயணத்தைத் திட்டமிடும் எவரும் முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே. நம் ஊரில் இல்லாத எது அங்கே இருக்கிறது?

எங்களுக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் வேடிக்கையானது. நம் ஊரில் இருப்பதே அங்கேயும் இருக்கிறது என்பதற்காகத்தான் போகிறோம்.

எந்தத் தீவு?

கரீபியன் என்பது ஒரே ஊர் இல்லை. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், மார்த்தினிக், செயின்ட் லூசியா என்று ஒவ்வொரு தீவுக்கும் ஒரு மொழி, ஒரு வரலாறு, ஒரு சமையல். கிரிக்கெட் பித்தர்களுக்குப் பார்படோஸ் இனிக்கும். ஆங்கிலம் மட்டும் போதும், இந்திய முகங்களையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு டிரினிடாட் வசதி. 1845-இல் ஃபாத்தல் ரசாக் என்ற கப்பல் அங்கே முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுபோய் இறக்கியது. ஆனால் டிரினிடாட் இந்தியர்களில் பெரும்பாலோர் வட இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள்.

குவாதலூப்பின் கதை வேறு. 1848-இல் பிரான்சு தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் கரும்புத் தோட்டங்களில் பழைய நிலையில் உழைக்க மறுத்தார்கள். குறைந்த கூலிக்கு வேறு கைகளைத் தேடிய முதலாளிகளின் பார்வை, பிரான்சின் வசமிருந்த புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், ஓரெலி என்ற கப்பல் முந்நூறுக்கும் அதிகமானவர்களுடன் புவாந்த்-அ-பீத்ர் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த 35 ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 இந்தியர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள். பிற்காலத்தில் கல்கத்தா வழியாக வட இந்தியர்களும் சேர்ந்துகொண்டாலும், தமிழர்களின் முத்திரைதான் ஆழமாகப் பதிந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். அம்மாவின் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். சில நாள் கடல் பயணம். அதற்கு முந்திய தலைமுறைகளில், அதே கரையில் கொஞ்சம் வடக்கே கப்பல் ஏறியவர்கள், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு சுமார் மூன்று மாதம் கழித்து குவாதலூப்பில் இறங்கினார்கள். அவர்களுக்குக் கரும்பு, நமக்குப் பால்மரம். இந்த விவரத்தைச் சொன்ன அன்றுதான் அம்மா முதன்முறையாக இந்தப் பயணத்தில் அக்கறை காட்டினார்.

எப்போது போவது?

கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அதிலும் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் மோசமானவை. 1989 செப்டம்பரில் 'ஹியூகோ' புயல் குவாதலூப்பைப் புரட்டிப் போட்டது. 2017 செப்டம்பரில் 'மரியா' வாழைத் தோட்டங்களைச் சாய்த்தது. அந்த மாதங்களில் விமானச் சீட்டும் விடுதியும் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறவர்கள் அந்த மலிவில் மயங்க வேண்டாம்.

டிசம்பர் முதல் மே வரை மழை குறைந்த காலம். வெயில் இருக்கும், ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து இடைவிடாமல் வீசும் காற்று புழுக்கத்தைக் குறைத்துவிடும். சனவரியிலும் பிப்ரவரியிலும் தெருவெங்கும் கார்னிவல் திருவிழா. நாங்கள் தேர்ந்தெடுத்தது டிசம்பர் முதல் பாதி. புயல் காலம் முடிந்திருக்கும். ஐரோப்பியர்கள் கிறிஸ்துமசுக்குக் குவிந்து விலை ஏறுவதற்கு முன் திரும்பிவிடலாம். அந்த மாதத்தில் ஊர் ஊராகக் கூடி கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தாளத்தோடு பாடும் 'ஷாந்தே நுவெல்' கூட்டங்கள் நடக்கும். வானொலிக்காரிக்கு அது தனி ஆசை.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அங்கே மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஏழு மணி வரை வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய நாம், நாளை அதிகாலையிலேயே தொடங்கினால்தான் ஊர் சுற்ற முடியும்.

எப்படிப் போவது?

நேரடி விமானம் கிடையாது. எளிய வழி பாரிஸ். கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பாரிஸுக்கு ஏறத்தாழ 13, 14 மணி நேரம். அங்கிருந்து புவாந்த்-அ-பீத்ருக்கு இன்னும் எட்டரை முதல் ஒன்பது மணி நேரம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாரிஸில் சார்ல் து கோல், ஓர்லி என்று இரண்டு பெரிய விமான நிலையங்கள். நாம் இறங்குவது ஒன்றிலும் தீவுக்குப் புறப்படுவது மற்றொன்றிலும் அமையலாம். பெட்டிகளோடு நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட வேண்டிவரும். சீட்டு எடுக்கும்போதே இரண்டும் எந்த நிலையம் என்று பாருங்கள்.

முழங்கால் வலியுள்ள அம்மாவை ஒரே மூச்சில் இழுத்துப் போக முடியாது. அதனால் போகும்போது பாரிஸில் இரண்டு இரவு தங்குகிறோம். ஐஃபிள் கோபுரத்தை மகள் பார்க்கட்டும். அம்மாவுக்கு லா ஷபெல் பகுதி. ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் இடம் அது. சுடச்சுட இட்லியும் தோசையும் கிடைக்கும். மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கம்தான். இந்த இரண்டு நாளைத் திட்டத்தில் சேர்த்த பிறகு, "அப்போ நான் வரேன்" என்றார் அம்மா.

சுற்றுலாவாகக் குறுகிய காலம் பிரான்சுக்குப் போக மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு விசா தேவையில்லை. ஆனால் குவாதலூப் பிரான்சின் பகுதியாக இருந்தாலும் ஷெங்கன் வட்டத்துக்குள் வராது. பாரிஸிலிருந்து கிளம்பும்போதும் திரும்பும்போதும் குடிநுழைவுச் சோதனைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். விதிமுறைகள் மாறக்கூடியவை என்பதால் சீட்டு எடுப்பதற்கு முன் பிரெஞ்சுத் தூதரகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்கா வழியாகப் போகலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. விமானம் மாறுவதற்காக மட்டும் அமெரிக்காவில் இறங்கினாலும் மலேசியர்களுக்கு விசா வேண்டும். சிங்கப்பூரர்கள் 'எஸ்டா' என்ற இணைய அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

வண்ணத்துப்பூச்சித் தீவு

குவாதலூப்பின் மொத்தப் பரப்பளவு ஏறக்குறைய நம் மலாக்கா மாநிலத்தின் அளவு. மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர். தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், கரும்புக்காடு, வெள்ளை மணல். மேற்குச் சிறகு பாஸ்-தேர். மழைக்காடு, அருவி, எரிமலை. இரண்டுக்கும் நடுவே குறுகலான ஒரு கடற்கால்வாய். பெயரைக் கேட்டு உயரமான பக்கம் எது, தட்டையான பக்கம் எது என்று குழம்ப வேண்டாம். பிரெஞ்சில் 'பாஸ்' என்றால் தாழ்வு என்று பொருள், ஆனால் மலை இருப்பது அங்கேதான்.

எட்டு இரவுகளை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். முதல் நான்கு இரவு மேற்கே தெஷெ என்ற மீனவ ஊரில். 'டெத் இன் பாரடைஸ்' என்ற பிபிசி துப்பறியும் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். 2011 முதல் ஒளிபரப்பாகும் அந்தத் தொடர் இங்கேதான் படமாக்கப்படுகிறது. அருகிலேயே கிராந்த் ஆன்ஸ் கடற்கரையும் தாவரப் பூங்காவும் உண்டு. கொஞ்சம் தெற்கே மலாந்தூர் கடற்கரை. அதன் எதிரே உள்ள பீஜோன் குட்டித் தீவுகளைச் சுற்றிய கடலுக்குப் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். நீந்தத் தெரிந்த நாங்கள் முகமூடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்ப்போம். அம்மாவுக்கும் மகளுக்கும் கண்ணாடி அடித்தளப் படகு.

ஒரு நாள் லா சூஃப்ரியேர் எரிமலைக்கு. உயரம் 1,467 மீட்டர். இன்னும் உயிரோடு இருக்கும் எரிமலை. 1976-இல் அது குமுறியபோது 70,000-க்கும் அதிகமானோரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். உச்சிக்கு ஏற இரண்டு மணி நேரம் பிடிக்கும். மலையேற முடியாதவர்களுக்கு, பாதை தொடங்கும் இடத்திலேயே 'மஞ்சள் குளியல்' என்ற பெயரில் வெதுவெதுப்பான இயற்கை நீர்த்தொட்டி உண்டு. முழங்காலுக்கு இதம். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

அடுத்த நான்கு இரவு கிழக்கே, சேந்த்-ஆன் ஊருக்கும் சேன்-பிரான்சுவா ஊருக்கும் இடையில். ஆழமில்லாத, குழந்தைகளுக்கேற்ற கடல். தீவின் கிழக்கு நுனியில், அலைகள் மோதி உடையும் புவாந்த் தே ஷாத்தோ முனை. ஒரு நாள் படகேறி லே சேந்த் குட்டித் தீவுகளுக்கு. துருவா-ரிவியேர் துறையிலிருந்து அரை மணிக்குள் போய்விடலாம். அங்கே 'காதலின் வேதனை' என்று பெயர் வைத்த தேங்காய் இனிப்பு ஒன்று விற்பார்கள். பெயருக்காகவே ஒன்று வாங்கித் தரப் போவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார்.

மாயெமேன், மல்தெவிலேன்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்ப்பது கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரை. கொலம்பஸ் 1493 நவம்பரில் இந்தத் தீவில் கால்வைத்த இடம் இந்த ஊர்க் கடற்கரைதான். 110 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கார்பே அருவிக்கும் இங்கிருந்தே பாதை. அந்த ஊரின் ஷாங்கி பகுதியில், சாலையோரம், பல வண்ணச் சிலைகளோடு நிற்கிறது ஓர் அம்மன் கோயில்.

மாரியம்மனை அங்கே 'மாயெமேன்' என்கிறார்கள். மதுரை வீரனுக்கு 'மல்தெவிலேன்' என்று பெயர். பூசாரி அங்கேயும் 'பூசாரி'தான். மத்தளம் 'மத்தலோன்' ஆகியிருக்கிறது, தப்பு 'தப்பு'வாகவே இருக்கிறது. தோட்டத்தில் இரவெல்லாம் ஆடிய நாடகத்துக்கு 'நத்ரோன்' என்று பெயர். பாகற்காய் 'பவோக்கா'. தீவின் தேசிய உணவு போல எல்லார் வீட்டிலும் கொதிப்பது 'கொலொம்போ' என்ற கறி. இலங்கைத் தலைநகரின் பெயர் போல ஒலித்தாலும், நம்முடைய 'குழம்பு'தான் அப்படி ஆனது என்று சொல்லப்படுகிறது. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த தூளில் ஆட்டுக்கறியோ கோழியோ போட்டுச் சமைக்கிறார்கள். ஆப்பிரிக்க வழிவந்த குடும்பங்களிலும் அதுதான் விருந்துச் சாப்பாடு.

சில கோயில்களில் ஆட்டுப் பலி இன்றும் உண்டு. நம் தோட்டத்துக் கோயில்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் போகும் நாளில் சடங்கு நடந்தால் பிள்ளைகளை முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். அது அவர்களின் வழிபாடு, நமக்கான காட்சி இல்லை.

பெயர்களையும் கவனியுங்கள். முத்துசாமி என்ற பெயர் அங்கே 'மூத்தூசமி', ராமசாமி 'ரமசமி', வீரப்பன் 'விராப்பேன்'. சேன்-பிரான்சுவாவின் முன்னாள் மேயரும் எழுத்தாளரும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான எர்னஸ்ட் மூத்தூசமி அந்த வழிவந்தவர்தான்.

இன்னொரு பெயர் ஆன்ரி சிதம்பரம். கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்தவர். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்திருந்தும் அவர்களைக் குடிமக்களாக ஏற்க மறுத்த காலம் அது. 1904-இல் அவர்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராட்டத்தைத் தொடங்கினார். வழக்கும் மனுவுமாக இழுத்து, 1923-இல்தான் வெற்றி கிடைத்தது. பத்தொன்பது ஆண்டுகள். அப்பாவைப் பெற்ற பாட்டி சாகும்வரை சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்தவர். அந்தக் கார்டு எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. சிதம்பரத்தின் கதையைப் படித்தபோது எனக்கு அது வெளிநாட்டு வரலாறாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாம்பாருக்குக் காய் நறுக்கியபடி கேட்டார்: "அப்போ அங்க போனா நம்ம ஆளுங்ககிட்ட தமிழ்ல பேசலாமா?"

"இல்லம்மா. யாருக்கும் பேசத் தெரியாது. கோயில்ல பாடுற பாட்டு மட்டும் தமிழ்ல இருக்கு. அர்த்தம் தெரியாமலே மனப்பாடமா பாடுவாங்களாம்."

கத்தி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "சாமி இருக்கு, சாப்பாடு இருக்கு, பேச்சு மட்டும் போயிடுச்சா?" என்றார். அப்போது மகள் உள்ளே வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

குவாதலூப்பில் தமிழ் போனதற்குக் காரணங்கள் உண்டு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் பிரெஞ்சு மட்டுமே கற்பித்தது. வீதியில் பேச கிரியோல் இருந்தது. தமிழ்ப்பள்ளி இல்லை, பத்திரிகை இல்லை, வானொலி இல்லை. ஊரிலிருந்து புதிதாக யாரும் வரவுமில்லை. நமக்கு இவை எல்லாம் இருந்தன, இன்னும் இருக்கின்றன. தமிழில் பேசிச் சம்பளம் வாங்கும் எனக்கு, அப்படி ஒன்றும் இல்லாத இடத்தில் எது மிஞ்சும் என்பதை நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மகளும் பார்க்க வேண்டும்.

முதலில் போக வேண்டிய இடம்

இருந்தாலும் எங்கள் பட்டியலில் முதல் நாள் கோயில் இல்லை, புவாந்த்-அ-பீத்ரில் உள்ள 'மெமோரியல் ஆக்த்' அருங்காட்சியகம். பழைய தார்பூசியே சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-இல் திறக்கப்பட்டது. அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்லும் இடம். தமிழர்கள் போய் இறங்கியது ஏற்கெனவே இரத்தம் சிந்திய மண்ணில். விடுதலை பெற்றவர்களின் கூலியைத் தாழ்த்தி வைக்கவே நம்மவர்களைப் பயன்படுத்தினார்கள். அதனால் இரு சமூகத்துக்கும் இடையே கசப்பும் இருந்தது. இதை அறியாமல் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிக் கதைதான் கையில் இருக்கும். திறக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இசை விரும்பிகள் 'க்வோ-கா' பறை இசையைத் தேடிக் கேளுங்கள். தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களிடம் பிறந்த இந்த இசையை 2014-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1979-இல் உருவான 'கசாவ்' குழு உலகமெங்கும் பரப்பிய 'சூக்' இசைக்கும் இதுவே வேர். நம் காலை நிகழ்ச்சியில் ஒருமுறை அதை ஒலிபரப்பியபோது, "இது கானா பாட்டா?" என்று ஒரு நேயர் கேட்டார். அவ்வளவு தூரம் தப்பவில்லை.

செலவு எவ்வளவு?

மலிவான பயணம் இல்லை. எங்கள் கணக்குப்படி நால்வருக்கும் ஐம்பதாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாது. பாதிக்கு மேல் விமானச் சீட்டுக்கே போய்விடும். மாதம் 2,000 ரிங்கிட் வீதம் தனிக் கணக்கில் போட்டோம். அந்த இரண்டு வருடமும் புதுக் கைத்தொலைபேசி இல்லை, வேறு வெளிநாட்டுப் பயணமும் இல்லை.

அங்கே யூரோ நாணயம். பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வருவதால் மளிகை விலை பிரான்சைவிட அதிகம். உள்ளூர் மக்களையே நசுக்கும் விலை அது. 2009-இல் விலைவாசியை எதிர்த்து 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதனால் மூன்று வேளையும் உணவகம் என்று போனால் கைப்பணம் கரைந்துவிடும். சமையலறையோடு கூடிய 'ஜீத்' என்ற வாடகை வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. அரிசி, காய்கறி வாங்கி ஒரு வேளை சமைத்தால் செலவு பாதியாகும். சந்தையில் வாழைக்காய், பூசணி, சௌசௌ, வள்ளிக்கிழங்கு, நாம் சுக்குன் என்று சொல்லும் ஈரப்பலா எல்லாம் கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிட்டால் வேறு வழி குறைவு, ஏனென்றால் உணவகங்களில் மீனும் இறைச்சியும்தான் அதிகம். அம்மா புளியும் வடகமும் எடுத்து வைத்துவிட்டார். கொலொம்போ தூளை அங்கேயே வாங்கி, நம் வீட்டுப் பக்குவத்தில் ஒரு நாள் குழம்பு வைப்பதாகத் திட்டம்.

பேருந்துகள் குறைவு, மாலைக்குப் பிறகு இன்னும் குறைவு. வாடகைக் கார் அவசியம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு ரவுண்டபவுட்டில் தலை சுற்றும். முதல் நாள் நீண்ட விமானப் பயணம் முடிந்த கையோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள். ஓர் இரவு விமான நிலையத்தின் பக்கத்திலேயே தங்கி, தூங்கி எழுந்து, காலையில் காரை எடுக்கலாம்.

புறப்படும் முன் ஒரு பார்வை

• அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தை ஜே.பி.ஜே.யில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கார் வாடகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்.

• மருத்துவச் செலவையும் புயலால் பயணம் தடைபடுவதையும் உள்ளடக்கிய காப்புறுதி எடுங்கள். பெற்றோருக்கு ஏற்கெனவே உள்ள நோய்கள் அதில் சேருமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். அவர்களின் மருந்துச் சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும்.

• 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி அடிக்கடி கரை ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம். அட்லாண்டிக் பக்கக் கடற்கரைகளில்தான் இது அதிகம். அறை பதிவு செய்யும் முன் அந்தக் கடற்கரையின் அண்மைய நிலவரத்தை விடுதியில் கேளுங்கள்.

• கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள். மான்சினீல் என்ற நச்சு மரம் அது. சின்ன ஆப்பிள் போன்ற காயைத் தின்னக் கூடாது. மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்லிவையுங்கள்.

• வாழைத் தோட்டங்களில் 1993 வரை தெளித்த குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்து இன்னும் மண்ணில் தங்கியிருக்கிறது. சில ஆறுகளிலும் கடலோரங்களிலும் மீன் பிடிக்கத் தடை உண்டு. மீன், காய்கறிகளைச் சந்தையிலும் கடையிலும் வாங்குங்கள், ஆற்றோரத்தில் வாங்க வேண்டாம்.

• கொசுவும் டெங்கியும் அங்கேயும் உண்டு. கொசு மருந்து கட்டாயம். மின்செருகு பிரெஞ்சு வகை, நம் மூன்று முள் செருகிக்கு அடாப்டர் வேண்டும்.

• ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே மளிகை வாங்கிவிடுங்கள்.

• ஆங்கிலம் எல்லா இடத்திலும் எடுபடாது. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் எதையும் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கிரியோலில் "சா க மாஷே?" என்றால் "எப்படி இருக்கீங்க?" என்று பொருள், "மெசி" என்றால் நன்றி. இந்த மூன்றையும் எங்கள் வீட்டில் மகள்தான் எல்லாருக்கும் கற்றுத் தருகிறாள். கூலியாக, அந்தக் கோயிலில் பாடுவதற்கு ஒரு மாரியம்மன் தாலாட்டைப் பாட்டியிடம் தமிழில் கற்றுக்கொண்டிருக்கிறாள். இதுவரை நான்கு வரி வந்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்கிறாள்.